கூண்டு ஏற்றாத ஊர்களில் புயல்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை ஊத்தங்கரை மழைமானியில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். முந்தைய 24 மணி நேரத்தில் பெய்தது அவ்வளவும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையில் பாதிக்கு மேல் அது. ஏரி நிரம்பிக் கோடி போன தண்ணீர் பேருந்து நிலையப் பக்கம் பாய்ந்து, திருவண்ணாமலை சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் புரட்டிக்கொண்டு போனதைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. அந்த ஊருக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததோ நவம்பர் 30ஆம் தேதி இரவு. அதாவது, புயல் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சிகள் சொல்லி ஒரு பகல் கழிந்த பிறகுதான் ஊத்தங்கரைக்குப் புயல் வந்து சேர்ந்தது.

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் புயல் என்பது செய்தியில் வருகிற ஒன்று. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் உரியது. 'கரையைக் கடந்தது' என்ற அறிவிப்பைக் கேட்டதும் இங்கே வேலை வழக்கம்போல் தொடங்கிவிடும். இந்தப் பழக்கம் தப்பானது, உயிருக்கே ஆபத்தானது என்பதை ஃபெஞ்சல் காட்டிக்கொடுத்தது. கடலோரத்தில் புயலைக் காற்றின் வேகத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். மேட்டு நாட்டில் அதை மதிப்பிட வேண்டிய முறை வேறு: அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எந்த மலைமேல் மழையை இறக்குகிறது, அந்த மலையிலிருந்து எந்த ஆறு எந்த ஊருக்கு இறங்குகிறது என்பதை வைத்து.

இந்தப் புயல் பிறந்தது முதலே வழக்கப்படி நடக்கவில்லை. நவம்பர் 25ஆம் தேதி வங்கக் கடலின் தென்பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகி, மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது. 27ஆம் தேதியே புயலாகும் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. மேலடுக்கில் வீசிய காற்றும் கீழடுக்குக் காற்றும் வேகத்திலும் திசையிலும் மாறுபட்டு, மேகக் கூட்டத்தைத் தலை வேறு உடல் வேறாகப் பிரித்துக்கொண்டே இருந்தன. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி அது வடக்கு நோக்கி ஊர்ந்தது. புயல் என்ற பெயர்கூடக் கிடைக்காத அந்த நிலையிலேயே அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை பக்கம் வெள்ளக்காடானது. 26ஆம் தேதி காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், மதரசா மாணவர்கள் ஏறி வந்த டிராக்டரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்ச் சிறுவர்கள் பலர் இறந்தார்கள். பெயர் வைக்காத புயல் என்பதால் அதன் தண்ணீர் குறைந்துவிடவில்லை.

29ஆம் தேதி பிற்பகலில்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் புயல் என்று அறிவித்தது. ஃபெஞ்சல் என்பது சவுதி அரேபியா கொடுத்த பெயர். மறுநாள் மாலை கரையைத் தொடத் தொடங்கி நள்ளிரவுக்கு முன் கடந்து முடித்தது. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் மரங்களை வேரோடு சாய்த்த வர்தா 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்தக் கணக்கில் ஃபெஞ்சல் ஒரு சாதாரணப் புயல். ஆனால் வர்தா வந்த வேகத்தில் போய்விட்டது. ஃபெஞ்சலோ கரைக்கு ஏறிய இடத்திலேயே, புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே, மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அதற்கு முன் அங்கே பதிவான அதிகபட்சம் 2004 அக்டோபர் 31இல் 21 சென்டிமீட்டர்தான். விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51.

ஏன் நின்றது? புயலுக்குச் சொந்தமாக நடக்கும் சக்தி மிகக் குறைவு. ஆற்றில் மிதக்கும் கட்டையைப் போல, தன்னைச் சுற்றி ஓடும் பெரிய காற்றோட்டத்தில்தான் அது நகர்கிறது. இரு பக்கமும் உயர் அழுத்தப் பகுதிகள் அமைந்து, ஒன்று ஒரு திசையிலும் மற்றது எதிர்த்திசையிலும் இழுக்கும்போது நடுவில் உள்ள புயலுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. ஃபெஞ்சலுக்கு நேர்ந்தது இதுதான். கரையில் நின்றாலும் அதன் வடபாதி கடலின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. அதனால் தரை ஏறிய புயல் வழக்கமாகப் பட்டினி கிடந்து சாகிற வேகத்தில் இது சாகவில்லை.

2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் ஹார்வி புயல் இதேபோலத் தேங்கி நின்றபோது சில இடங்களில் 150 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கோசின் என்ற வானிலை அறிஞர், 1949 முதல் 2016 வரையிலான உலகப் புயல்களின் தடங்களை அலசி, அவை நகரும் வேகம் சராசரியாக 10 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். பழைய பதிவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று சக அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள், விவாதம் தீரவில்லை. தீர்ந்த விஷயம் ஒன்று உண்டு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. மெதுவாகப் போகிற புயலிடம் கூடுதல் ஈரமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஊத்தங்கரை போதும்.

டிசம்பர் 1ஆம் தேதி பகலில் ஃபெஞ்சல் வலுவிழந்து மேற்கே ஊரத் தொடங்கியது. இங்கேதான் மலைகள் வருகின்றன. நம் பகுதியை வரைபடத்தில் பார்த்தால் கடற்கரைச் சமவெளி முடிந்ததும் கிழக்கத்தி மலைகள் உடைந்த மதில்போல் நிற்கும்: வடக்கே ஜவ்வாது, நடுவில் கல்வராயன், சித்தேரி, அவற்றுக்கு மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை, கொல்லிமலை. வங்கக் கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து வந்து இந்த மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்கிறது; குளிர்ந்ததும் கொட்டுகிறது. ஊத்தங்கரை ஜவ்வாது மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட தாழ்வில் இருக்கிறது. அரூரும் மலைகளின் நடுவில்தான். அங்கே 33 சென்டிமீட்டர். ஏற்காட்டில் 24. ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது.

அப்படியானால் நாமக்கல் ஏன் ஊத்தங்கரை ஆகவில்லை? புயல் நம் பகுதியில் இடஞ்சுழியாகச் சுழலும். அதன் மையம் மேற்கே நகரும்போது மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து, ஈரத்தோடு வருகிறது. தெற்கே உள்ள ஊர்களுக்கு அது தரைமேல் ஓடிவந்த மேல்காற்று. ஊத்தங்கரையும் அரூரும் ஈரக்காற்றின் பக்கம் மாட்டிக்கொண்டன. நாமக்கல் மறுபக்கம் அமைந்ததால் தப்பியது. மையம் ஒரு 100 கிலோமீட்டர் தெற்கே தள்ளிக் கடந்திருந்தால் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையும் போதமலையும் அந்த மழையை வாங்கியிருக்கும். கொல்லிமலை அடிவாரத்தின் பழையபாளையம் ஏரி, தூசூர் ஏரி எல்லாம் ஒரே இரவில் கோடி போயிருக்கும். நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழையே ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் 500 ஒரே நாளில் இறங்கினால் தாங்கும் ஓடைகள் இங்கே இல்லை. பல ஓடைகள் இருந்த தடமே இல்லை.

தப்பியது என்று சொன்னதும் பாதி உண்மைதான். மழை பெய்யாவிட்டாலும் ஆறு வரும். சேர்வராயன் மலையில் பெய்த மழை எங்கெங்கே போனது என்று தொடர்ந்து பார்த்தால் இந்தப் புயலின் முழு உருவம் தெரியும். மலையின் கிழக்குச் சரிவுத் தண்ணீர் வாணியாறாகி, பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே உள்ள அணையை நிரப்பி, வழிந்து, தென்பெண்ணையில் சேர்கிறது. தென்மேற்குச் சரிவுத் தண்ணீர் சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி வழியே காவிரிக்குப் போகிறது. மஞ்சவாடி பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் மாநகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. ஒரே மலை, ஒரே இரவின் மழை. ஒரு பங்கு கடலூரில் கடலைத் தொடும்; மற்றது காவிரி வழியே பூம்புகார் பக்கம் போகும். கல்வராயன் மலைத் தண்ணீரில் ஒரு பங்கு வசிஷ்ட நதியாக ஆத்தூரைக் கடந்து வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் முடியும்.

தென்பெண்ணையில் நடந்தது எல்லோரும் அறிந்தது. ஊத்தங்கரையின் பாம்பாற்றுத் தண்ணீர், அரூர் பக்கத்துத் தண்ணீர், வாணியாற்றுத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தன. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போகக்கூடாது. சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி. அந்த வேகத்தில் தண்ணீர் போனால் நிறைந்த அணை முழுவதும் 12 மணி நேரத்தில் காலியாகும். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: 57 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு டி.எம்.சி. ஆகிறது. ஒரு தாலுகாவின் சிறு பகுதி அது. இத்தகைய மழையைத் தேக்கி அடக்கும் வேலைக்காக அந்த அணை கட்டப்படவில்லை. வந்ததை அப்படியே அனுப்புவது தவிர வேறு வழி இல்லை.

அந்தத் தண்ணீர் திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு அருகே சில மாதங்களுக்கு முன் திறந்த பாலத்தை உடைத்தது. விழுப்புரம் பக்கம் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. கடலூரில், புயலின் காற்று ஓய்ந்து ஒன்றரை நாள் ஆன ஊர்களில், வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. கடலோரத்தில் ஏறி வந்த புயல் மலைக்குப் போய், ஆறாக மாறி, கடலோரத்துக்கே திரும்பி வந்தது. சாத்தனூர் அணையை முன்னெச்சரிக்கை இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின; படிப்படியாக எச்சரித்தே திறந்தோம் என்றது அரசு. இந்த வாதத்தில் இரு தரப்பும் அணையின் கதவிலிருந்தே பேச்சைத் தொடங்கின. வெள்ளம் அணையில் பிறக்கவில்லை. முந்தைய இரவே அது மலையில் பிறந்துவிட்டது. அங்கே அளந்திருந்தால் கரையோர மக்களுக்கு இன்னும் பல மணி நேரம் கிடைத்திருக்கும்.

அதே டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். இரண்டு வாரத்துக்குள் வந்த கார்த்திகை தீபத்துக்கு அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. மழை நின்ற பிறகும் மலை ஆறவில்லை என்பதை அந்த முடிவு ஒப்புக்கொண்டது.

இப்போது திருமணிமுத்தாற்றுக்கு வருகிறேன். செய்திகளில் இது மிகச் சிறிதாக வந்தது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இந்த ஆற்றை ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் ஆறு என்று யாரும் மதிப்பதில்லை. சேலத்தின் சாக்கடையும் சாயக்கழிவும் ஓடும் கறுப்பு வாய்க்கால் அது. கார்த்திகையில் மலைத் தண்ணீர் வந்து சேரும்போது அந்தக் கழிவு முழுவதும் கலங்கிக் கிளம்பும். மதியம்பட்டி, மல்லசமுத்திரம் பக்கத்துத் தரைப்பாலங்களில் நுரை ஆள் மறையும் அளவுக்குத் திரண்டு நிற்கும். காற்றடித்தால் பிய்ந்து வயலுக்குள் பறந்து விழும். நுரைக்கு அடியில் தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா என்று தெரியாது. பாலத்தின் ஓரக்கல் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. பால் கேனை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அக்கரையில் நிற்கிறவரைப் பார்த்து 'போலாமுங்களா?' என்று கத்திக் கேட்பார். அவர் கையசைப்பதுதான் அந்த ஆற்றின் வெள்ள எச்சரிக்கை.

இதைக் காவிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே நாமக்கல் மாவட்டம்தான். மேட்டூரிலிருந்து எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது வானொலியிலும் கைபேசியிலும் உடனுக்குடன் வந்துவிடும். பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர வீடுகளில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வார்கள். எப்போது தண்ணீர் ஜேடர்பாளையம் வரும், எப்போது மோகனூர் வரும் என்பது பரிசல்காரருக்கே தெரியும். 2022 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு மண்டபங்களுக்குப் போக மக்களுக்கு நேரம் கிடைத்தது. அந்த ஆற்றுக்கு ஓர் அணை உண்டு, அணைக்கு ஓர் எண் உண்டு. திருமணிமுத்தாற்றுக்கும் சரபங்காவுக்கும் கரைபோட்டானாற்றுக்கும் அப்படி ஓர் எண் இல்லை. எண் இல்லாத ஆற்றுக்கு அறிவிப்பும் இல்லை.

மழையை அளக்கும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. வழக்கமான மழைமானி எளிய கருவி: 200 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள ஒரு புனல், அடியில் ஒரு புட்டி. ஊத்தங்கரையில் பெய்த மழையை அப்படி ஒரு மானியில் பிடித்தால் 10 லிட்டர் சேரும். கண்ணாடி அளவுகுடுவையில் ஒரு முறைக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஊற்றினால் 50 முறை ஊற்ற வேண்டும். காலை 8.30 மணிக்கு ஒருவர் வந்து அதைச் செய்கிறார். அவர் அளந்து முடித்தபோது ஊத்தங்கரையில் வண்டிகள் மிதந்து முடிந்திருந்தன. சாத்தனூரில் கதவுகள் திறந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. ஆண்டுச் சராசரி எழுத இந்த முறை போதும், ஓர் இரவைக் காப்பாற்றப் போதாது. தானாகவே அளந்து அனுப்பும் மழைமானிகளை அரசு பல இடங்களில் நிறுவியிருக்கிறது, நல்ல காரியம். அவை மலைமேல், ஓடைகள் பிறக்கும் இடத்தில் அதிகம் வேண்டும்.

ரேடாருக்கும் இதே குறை. நம் பகுதியைப் பார்க்கும் ரேடார்கள் சென்னையிலும் காரைக்காலிலும் உள்ளன. காரைக்காலிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பூமியின் வளைவினால் அவ்வளவு தூரத்தில் ரேடாரின் கதிர் தரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. மலைச்சரிவில் மோதிப் பெய்யும் மழையின் பெரும்பகுதி அதற்குக் கீழேயே உருவாகிவிடும். ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் வைப்போம் என்று மாநில அரசு அறிவித்தது இந்தக் காரணத்தால் முக்கியமான முடிவு. உள்நாட்டு மாவட்டங்கள் விடாமல் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று அது.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற வழக்கம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. பாம்பனில் மூன்று, நாகையில் ஐந்து என்று எண் சொன்னதும் மீனவர் படகை இழுத்துக் கட்டிவிடுவார். அந்த எண்ணின் பொருள் அவருக்குத் தெரியும். அவர் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கு அப்படி ஏதும் இல்லை. மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று அறிவித்தால், வெண்ணந்தூர்க்காரருக்கும் கொல்லிமலை அடிவாரத்தில் இருப்பவருக்கும் அது ஒரே செய்திதான். ஆனால் இருவருக்கும் ஆபத்து வேறு வேறு மலையிலிருந்து வருகிறது.

இது 2024இல் புதிதாக வந்த நிலைமையும் இல்லை. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் உள்நாட்டைக் குறுக்கே கடந்து மேற்கே போனது. திருச்சி வெள்ளத்தில் மூழ்கியது; வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் ஏறி, திண்டுக்கல், கொடைக்கானல் வழியாகப் போய் அரபிக் கடலில் இறங்கியது. தஞ்சைத் தென்னைகளின் இழப்பு பெரிது என்பதால் மலையில் நடந்தது பேச்சில் அடங்கிவிட்டது. ஃபெஞ்சலின் மிச்சமும் டிசம்பர் 3 வாக்கில் அரபிக் கடலுக்குப் போனது. வங்கக் கடலிலிருந்து அரபிக் கடலுக்குப் போகிற புயலுக்கு நம் மேட்டு நாடு எப்போதுமே வழித்தடம்.

நாமக்கல்லுக்கு வானிலையைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலை அறிவிப்பைப் பண்ணையாளர்கள் தவறாமல் படிக்கிறார்கள். மழை வரும் என்றால் மக்காச்சோளத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள், தீவனத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மரவள்ளிக்காரருக்கு டிசம்பர் மழை நேரடியாகப் பணக் கணக்கு: வயலில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், அழுகாவிட்டாலும் மாவுச்சத்து இறங்கும், சேகோ ஆலையில் பாயிண்ட் குறையும், பாயிண்டைப் பார்த்துத்தான் விலை. கோழிக்கும் கிழங்குக்கும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற ஊரில் தரைப்பாலத்துக்கும் கேட்கலாம். ஏற்காட்டில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் அந்தத் தண்ணீர் மதியம்பட்டிக்கு எத்தனை மணி நேரத்தில் வரும்? போதமலையில் பெய்தால் எந்த ஓடை முதலில் நிறையும்? ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்ட நீர்க்கட்டிகள் அது கோடி போகிற நேரத்தைக் குறித்து வைத்த காலம் இருந்தது. இன்று தானியங்கி மழைமானியின் பதிவும் பாலத்தருகே அளவுகோல் வரைந்த ஒரு கம்பமும் இருந்தால் இரண்டு கார்த்திகைகளுக்குள் இந்த அட்டவணையைப் போட்டுவிடலாம். நீர்வளத் துறைப் பொறியாளர்களும் ஊராட்சிகளும் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் சேர்ந்தால் முடிகிற வேலை இது. அந்த அட்டவணை கிடைத்ததும், இரவு 11 மணிக்கு மலையில் பெய்கிற மழைக்கு அதிகாலை எந்தத் தரைப்பாலத்தில் சங்கிலி போட வேண்டும் என்பதை மல்லசமுத்திரம் காவல் நிலையம் அந்த இரவே முடிவு செய்யலாம்.